மருந்துத் துண்டில் சோற்றையும் எழுதுங்கள்

"தோட்டத்துப் பிள்ளைங்க கட்டையாத்தான் இருக்கும். அது அவங்க பரம்பரை."

இந்தப் பேச்சைக் கேட்காத தோட்டத் தொழிலாளி இல்லை. பங்களாவில் சொல்கிறார்கள், கிளினிக் வரிசையில் சொல்கிறார்கள், மஸ்கெலியா பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் சொல்கிறார். கேட்டுக் கேட்டு நம் ஆட்களே சொல்லத் தொடங்கிவிட்டார்கள். "நானும் கட்டை, எங்கப்பாவும் கட்டை, பிள்ளை மட்டும் எப்படி வளரும்?" தோழர்களே, இது பொய். இந்தப் பொய்யால் சிலருக்கு ஆதாயம் இருப்பதால்தான் இது இத்தனை காலம் உயிரோடு இருக்கிறது. பரம்பரை என்று சொல்லிவிட்டால் கம்பனி பதில் சொல்ல வேண்டியதில்லை, அரசாங்கம் பதில் சொல்ல வேண்டியதில்லை. வைத்தியரும் பாணி மருந்து ஒரு போத்தலை எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த நம்பரைக் கூப்பிடலாம்.

உலக சுகாதார நிறுவனம் 1997 முதல் 2003 வரை பிரேசில், கானா, இந்தியா, நோர்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் பிள்ளைகளை அளந்து பார்த்தது. தாய்ப்பால் குடித்த, வயிறார உண்ட, சுத்தமான வீட்டில் வளர்ந்த பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து அளந்தார்கள். புதுடில்லிப் பிள்ளையும் நோர்வேப் பிள்ளையும் ஐந்து வயது வரை ஏறக்குறைய ஒரே அளவில்தான் உயர்ந்தார்கள். அதை வைத்து 2006இல் வெளியிட்ட அளவுகோல்தான் நம் அம்மாமார் கிளினிக்குக் கொண்டுபோகும் பிள்ளைப் பதிவேட்டில் வளைகோடாக அச்சாகியிருக்கிறது. அப்பனும் கட்டை, பாட்டனும் கட்டை என்றால் மூன்று தலைமுறையும் அரைவயிற்றோடு கிடந்தது என்றுதான் அர்த்தம். வளரும் வயதில் சாப்பாடு காணாத பெண்பிள்ளை கட்டையாக வளர்ந்து, இரத்தமில்லாமல் கர்ப்பமாகி, கூடையையும் சுமந்து, நிறை குறைந்த பிள்ளையைப் பெறுகிறாள். பரம்பரையாக வருவது வறுமை.

நாட்டின் 2016ஆம் ஆண்டுக் குடித்தொகை, சுகாதாரக் கணக்கெடுப்பைப் பாருங்கள். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதும் 17 வீதம். தோட்டப் பகுதியில் 32 வீதம். அதற்குப் பத்து வருடம் முன்னால் எடுத்த கணக்கெடுப்பில் தோட்டத்தில் 40 வீதம். கொஞ்சம் குறைந்திருக்கிறது, அதை மறுக்கவில்லை. ஆனால் 40 குறைந்து 32 ஆனதே பரம்பரைக் கதையைப் பொய்யாக்கப் போதும். இரத்தம் பத்து வருடத்தில் மாறாது. மாறியது சாப்பாடும், குழாயும், கக்கூசும், மருத்துவமாதுவின் வருகையும்தான்.

நம் தாத்தாமார் இதை அனுபவித்தே தெரிந்துகொண்டார்கள். 1948இல் குடியுரிமையைப் பறித்தபோது வாக்கு மட்டும் போகவில்லை. வாக்கில்லாதவனுடைய பிள்ளைக்கு ஆஸ்பத்திரி கட்ட எந்த எம்.பி. வருவான்? 1970களின் பஞ்சத்தில் தோட்டங்களில் மரணங்கள் கூடின. அதிகம் போனது கைக்குழந்தைகளும் கிழவர்களும். மரவள்ளிக் கிழங்கை அவித்துத் தின்ற கதையை இன்றும் லயத்தில் எழுபது தாண்டிய பாட்டிமார் சொல்வார்கள், கேளுங்கள்.

பாடசாலையில் நிற்கிற எங்களுக்கு ஒரு விஷயம் எந்தக் கணக்கெடுப்பும் இல்லாமல் தெரியும். பத்தாம் திகதி சம்பளம் போட்ட வாரத்தில் வகுப்பு ஒரு மாதிரி இருக்கும். சம்பளத்துக்கு முந்தின வாரத்தில் வேறு மாதிரி இருக்கும். முந்தின வாரத்தில் கூட்டத்தில் நிற்கும் பிள்ளைகளுக்குத் தலை சுற்றும். வாய்ப்பாடு சொல்லச் சொன்னால் கொட்டாவி விடுவார்கள். "வயித்து வலி சேர்" என்று மேசையில் தலை வைத்துப் படுப்பார்கள். காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டால் "தேத்தண்ணி" என்பார்கள். பால் இல்லாத வெறுந்தேத்தண்ணி, அதுவும் நாம் பறித்த கொழுந்தில் கழிந்த தூள். இந்தப் பிள்ளையை நாங்கள் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சைக்குத் தயார்படுத்த வேண்டும்.

கணக்குப் பாடம் எடுக்கிறவர்கள் என்பதால் ஒரு கணக்கையும் போட்டுவிடுவோம். 2024 மே தினத்தில் கொட்டகலை மேடையில் 1700 ரூபா என்று அறிவித்தார்கள். வர்த்தமானியும் வந்தது. கம்பனிகள் நீதிமன்றம் போயின. செப்டெம்பரில் முடிவானது 1350. அந்த 2024ஆம் ஆண்டுச் சம்பளத்தில், மாதத்தில் 20 பேர் விழுந்தால் 27,000 ரூபா வந்தது. சேமலாப நிதிக்கு 8 வீதம் கழித்தால் 24,840. சங்கத்துச் சந்தாவும் இதில்தான் கழிகிறது. அது நமக்கு வருகிற காசு என்பதற்காக அதை மறைக்க மாட்டோம். ஒருவர் மட்டும் உழைக்கிற ஐந்து பேர் குடும்பம் என்றால், சந்தாவைக் கழிக்காமலே, ஆளுக்கு ஒரு நாளைக்கு 165 ரூபாதான் வந்தது. இதற்குள் அரிசி, மா, பருப்பு, எண்ணெய், சவர்க்காரம், கொப்பி, பஸ் காசு, கோயில் வரி, கடைக்கடன் எல்லாம் அடங்க வேண்டியிருந்தது. கிலோ குறைந்தால் அரைப்பேர். மழை மாதங்களில் 20 பேர் என்பதே கனவு. பிறகு எங்கே முட்டை, எங்கே நெத்தலி, எங்கே பால்? ரொட்டியும் சம்பலும் வயிற்றை நிரப்பும், எலும்பை வளர்க்காது.

"அம்மாமாருக்கு விளக்கம் இல்லை, போஷாக்கு வகுப்பு வைப்போம்" என்று வருகிறவர்களுக்கு இந்தக் கணக்கைக் காட்டுங்கள். கீரை நல்லது, முட்டை நல்லது என்று நம் அம்மாமாருக்குத் தெரியாதா? அந்த 165 ரூபாவில் அதைச் செய்யும் வகுப்பை யாராவது எடுத்திருந்தால் நாமும் முன்வரிசையில் உட்கார்ந்திருப்போம்.

குடியைப் பற்றியும் கேட்பார்கள். ஆமாம், லயத்தில் சாராயம் ஓடுகிறது. பிள்ளையின் பால் காசு தவறணையில் போகிற வீடுகள் உண்டு. அந்த அப்பன்மாரிடம் நாம் நேராகவே பேசுகிறோம், மாதர் சங்கத்துத் தோழியர் இன்னும் நேராகப் பேசுகிறார்கள். ஆனால் துளி குடிக்காத வீட்டுப் பிள்ளையும் பதிவேட்டில் பச்சைக் கோட்டுக்குக் கீழேதான் கிடக்கிறது. அதற்கு என்ன பதில்?

பாலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டியிருக்கிறது. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுங்கள் என்று சுகாதார அமைச்சு சுவர் சுவராக ஒட்டியிருக்கிறது. நல்லது. எங்களைப் போல அரசாங்கச் சம்பளம் வாங்கும் ஆசிரியைக்கு 84 வேலை நாள் முழுச் சம்பளத்தில் லீவு. அதன்பின் 84 நாள் அரைச் சம்பளத்தில். வேண்டுமானால் இன்னும் 84 நாள் சம்பளமில்லாமல். பிள்ளை நடக்கிற வரைக்கும் கூட இருக்கலாம். அதே லயத்தில் பக்கத்துக் காம்பராவில் பிள்ளை பெற்ற, கொழுந்து பறிக்கிற அக்காவுக்கு 84 நாளோடு சரி. 2018இல் சட்டத்தைத் திருத்துவதற்கு முன்னால் மூன்றாவது பிள்ளை என்றால் அதிலும் பாதிதான். ஒரே சுவரின் இரண்டு பக்கம் இரண்டு பிள்ளைகள். ஒன்றுக்குப் பால் உண்டு, மற்றதுக்கு மூன்றாம் மாதமே பிள்ளைக் காம்பராவும் போத்தலும்.

போத்தலில் என்ன ஊற்றுவது? 400 கிராம் பால்மா பக்கெட் ஒன்றுக்கு ஒரு நாள் பேரில் பெரும்பகுதி போய்விடும். அதனால் ஒரு கரண்டி போடும் இடத்தில் அரைக் கரண்டி, பிறகு கால் கரண்டி. கடைசியில் வெள்ளை நிறத் தண்ணி. அந்தத் தண்ணியும் எப்படிப்பட்டது? நம் ஊருக்குப் பெயர் நல்லதண்ணி. ஊற்றில் பிறக்கும்போது நல்ல தண்ணிதான். அங்கிருந்து உரமும் களைநாசினியும் போட்ட மலை வழியாக, மாட்டுப்பட்டிக்குப் பக்கத்தில் ஓடி, வெடித்த குழாயில் லயத்துக்கு வரும்போது அது வேறு தண்ணி. கீழே மவுஸ்ஸாக்கலை அணைக்கட்டில் நிற்கிற தண்ணி நாட்டுக்கு மின்சாரம் கொடுக்கிறது. மேலே லயத்துப் பிள்ளைக்கு வயிற்றோட்டம் கொடுக்கிறது. அடிக்கடி வயிற்றோட்டம் வருகிற பிள்ளைக்குக் குடல் கெட்டுப்போகும். தின்பது உடம்பில் ஒட்டாது. மெலிந்த உடம்பில் அடுத்த நோய் சுலபமாக ஏறும், ஏறினால் இன்னும் மெலியும். ஜன்னல் இல்லாத காம்பராவில் விறகுப் புகை வேறு. மார்ச்சளி என்று மாதத்துக்கு ஒரு தடவை தூக்கிக்கொண்டு ஓடுகிறோமே, அந்தச் சளி பிறக்கிற இடம் அடுப்படி.

சிசிலி வில்லியம்ஸ் என்று ஒரு பிள்ளை டொக்டர் இருந்தார், ஜமெய்க்காவில் பிறந்த பெண். 1930களில் இன்றைய கானாவில் வேலை செய்தபோது, கால் வீங்கி, தோல் உரிந்து, முடி வெளுத்துச் சாகும் பிள்ளைகளைப் பார்த்தார். பெரிய டொக்டர்மார் அதை வேறு ஏதோ நோய் என்றார்கள். அவர் அந்த ஊர் அம்மாமாரிடம் கேட்டார். அவர்கள் அதற்குத் தங்கள் பாஷையில் குவாஷியோர்கர் என்று பெயர் வைத்திருந்தார்கள். அடுத்த குழந்தை பிறந்ததும் தாய்ப்பாலிலிருந்து தள்ளப்பட்ட பிள்ளைக்கு வரும் நோய் என்பது அதன் பொருள். பால் போனபின் வெறும் சோளக்கஞ்சியில் வளர்ந்த பிள்ளைக்கு வருவது. அந்தப் பெயரையே அவர் வைத்திய உலகத்துக்குக் கொண்டுபோனார். பிறகு மலாயாவுக்கு மாறி வந்தார். அங்கே டின்பால் கம்பனிகள் தாதி வேஷம் போட்ட பெண்களை வைத்துத் தாய்மாரை ஏமாற்றியதைப் பார்த்து, 1939இல் சிங்கப்பூரில் பெரிய மனிதர்கள் கூடிய சபையிலேயே, இது பிள்ளைகளைக் கொலை செய்வது போல என்று நேரடியாகப் பேசினார். பிள்ளை வைத்தியம் என்றால் என்ன என்று நம்மைக் கேட்டால் இதைத்தான் சொல்வோம். நோயைப் பார்ப்பதோடு, அந்த நோயால் யாருக்கு இலாபம் என்றும் பார்ப்பது.

நம் பக்கம் வருவோம். நல்லதண்ணியில் இரவு பத்து மணிக்குப் பிள்ளைக்கு இழுப்பு வந்தால் என்ன செய்வது? தோட்டத்து மருந்துக் காம்பரா பூட்டியிருக்கும். மஸ்கெலியாவுக்கு ஓட்டோ பிடிக்க வேண்டும். அங்கிருந்து டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலைக்கு அனுப்புவார்கள். 2017 மே மாதம் இந்தியப் பிரதமர் மோடி வந்து திறந்துவைத்த 150 கட்டில் ஆஸ்பத்திரி அது. கட்டடம் வந்தது நல்ல காரியம், நன்றியோடு சொல்கிறோம். இன்னும் முற்றினால் நுவரெலியா, அதற்கும் மேலே பேராதனை சிறிமாவோ பண்டாரநாயக்க சிறுவர் வைத்தியசாலை. ஒவ்வொரு படிக்கும் ஓட்டோக் காசு, சாப்பாட்டுக் காசு, இரண்டு பேருடைய பேர் நட்டம். நம் அம்மாமார் பிள்ளையைத் தாமதமாகக் கொண்டுவருகிறார்கள் என்று சொல்கிறவர்கள் இந்தப் பாதையை ஒரு தடவை ராத்திரியில் வந்து பார்க்கட்டும். டிசம்பர் பௌர்ணமி முதல் வெசாக் வரை சிவனொளிபாதமலைப் பருவத்தில் இதே ஊரில் விடிய விடிய லைட் எரியும், பஸ் ஓடும், முதலுதவி நிலையம் இருக்கும். சாமி கும்பிட வருகிறவர்களுக்கு அதெல்லாம் வேண்டும்தான். வெசாக் முடிந்த மறுநாள் காலையிலும் இங்கே பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதை மட்டும் யாரும் ஞாபகம் வைப்பதில்லை.

கிளினிக்குக்குள் நடப்பதையும் சொல்ல வேண்டும். எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லப் போவதில்லை. நாங்கள் துணைக்குப் போன ஓர் அம்மாவிடம் வைத்தியர் பதிவேட்டைப் பார்த்துவிட்டுச் சிங்களத்தில் சத்தம் போட்டார். பிள்ளைக்குச் சாப்பாடு கொடுப்பதில்லையா, ஏன் இப்படிக் காயப்போட்டிருக்கிறாய் என்று. அந்த அம்மாவுக்குப் பாஷை பாதி புரிந்தது, அவமானம் முழுதாகப் புரிந்தது. தலையை ஆட்டினார். விட்டமின் பாணி எழுதினார்கள். முடிந்தது இரண்டு நிமிடம். அடுத்த மாதம் அந்த அம்மா கிளினிக்குப் போகவில்லை. ஏன் போகவில்லை என்று கேட்க யாரும் வரவுமில்லை. தமிழும் அரச கரும மொழி என்று 1987இலேயே அரசியலமைப்பில் எழுதியாயிற்று.

இன்னொரு டொக்டரையும் பார்த்திருக்கிறோம். அவரும் சிங்களவர்தான். தாதி ஒருவரை வைத்து மொழிபெயர்த்துக் கேட்டார்: அடுப்பு எங்கே இருக்கிறது? பகலில் பிள்ளையை யார் பார்க்கிறார்கள்? நேற்று ராத்திரி என்ன சமைத்தீர்கள்? எத்தனை மணிக்கு மலையிலிருந்து வருவீர்கள்? ஐந்து நிமிடம் கூட ஆகவில்லை. மருந்தைக் குறைத்து, திரிபோஷாவுக்கும் மருத்துவமாது வீட்டுக்குப் போய்ப் பார்ப்பதற்கும் ஒரு கடிதம் எழுதினார். ஆகவே முடியாது என்ற கதையை நம்மிடம் சொல்லாதீர்கள்.

1960களில் அமெரிக்காவில், மிசிசிப்பி மாநிலத்து மவுண்ட் பாயூ என்ற ஊரில் ஜாக் கைகர் என்ற டொக்டர் ஒரு சுகாதார நிலையம் நடத்தினார். சுற்றிலும் பருத்தித் தோட்டம். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட கறுப்பினத்தவரின் பேரப்பிள்ளைகள் அங்கே கூலிக்கு இருந்தார்கள். இயந்திரம் வந்து அந்தக் கூலியும் போய்க்கொண்டிருந்தது. வருகிற பிள்ளைகளுக்கெல்லாம் வயிற்றோட்டம், சளி, மெலிவு. கைகரும் அவருடைய கூட்டாளிகளும் மருந்துத் துண்டில் பால், காய்கறி, இறைச்சி என்று எழுதினார்கள். ஊர்ப் பலசரக்குக் கடையில் துண்டைக் காட்டினால் சாமான் கிடைக்கும். பில் சுகாதார நிலையத்தின் மருந்துக் கணக்குக்கு வரும். வாஷிங்டனிலிருந்து அதிகாரி வந்து, மருந்துக் காசில் சாப்பாடு வாங்கலாமா என்று சண்டை பிடித்தார். போஷாக்கின்மைக்கு வைத்தியப் புத்தகத்தில் இருக்கிற மருந்து சாப்பாடுதானே என்று டொக்டர் திருப்பிக் கேட்டார். அதிகாரி திரும்பிப் போனார். அதோடும் அவர்கள் நிற்கவில்லை. கிணறு வெட்டினார்கள், கக்கூஸ் கட்டினார்கள். ஏறக்குறைய ஆயிரம் குடும்பங்கள் கூட்டுறவாகச் சேர்ந்து பருத்தி விளைந்த மண்ணில் தங்களுக்கென்று காய்கறி போட்டார்கள். பருத்தி இருந்த இடத்தில் தேயிலையை வைத்துப் பாருங்கள். நம் கதைதான்.

அதனால் சிறுவர் வைத்திய நிபுணர்களிடம் நாம் கேட்பது தானமோ தருமமோ கிடையாது. பிள்ளையின் நிறை ஏறவில்லை என்றால், காரணத்தைப் பதிவேட்டிலேயே எழுதுங்கள். வீட்டில் உணவு போதாது, தாய்க்குப் பாலூட்ட நேரமில்லை, குடிநீர் அசுத்தம், அடுப்புப் புகை என்று உங்கள் கையெழுத்தோடு எழுதுங்கள். ஒரு தொழிலாளி சொன்னால் முறைப்பாடு. டொக்டர் எழுதினால் ஆவணம். அந்த ஆவணத்தோடு நாங்கள் தோட்ட நிர்வாகத்திடம் போகிறோம், சுகாதார வைத்திய அதிகாரியிடம் போகிறோம், தொழில் திணைக்களத்துக்கும் போகிறோம். மாதத்தில் ஒரு நாள் ஆஸ்பத்திரியிலிருந்து ஒருவர் மேலே ஏறி வந்து பிள்ளைக் காம்பராவில் உட்காரட்டும். அங்கே என்ன வேகிறது, எத்தனை பிள்ளைக்கு எத்தனை ஆயா என்று பார்க்கட்டும். சம்பளச் சபையில் கம்பனிக்காரர் உற்பத்திச் செலவைப் பற்றி அட்டவணை நீட்டுகிறார். தோட்டத்துப் பிள்ளைகளின் உயரத்தைப் பற்றி ஒரு நிபுணர் அட்டவணை நீட்டியதை நாங்கள் பார்த்ததில்லை.

இது அரசியல், டொக்டருக்கு எதற்கு என்பார்கள். 2022 நெருக்கடியில் பிள்ளைகளின் போஷாக்கின்மை பற்றிச் சில வைத்தியர்கள் வாய் திறந்தார்கள். அதே வருடம் செப்டெம்பரில் அரச ஊழியர்கள் சமூக ஊடகத்தில் கருத்துச் சொல்லக்கூடாது என்று சுற்றறிக்கை வந்தது. பயம் புரிகிறது. நூற்றுக்கணக்கான வைத்தியர்கள் நாட்டை விட்டே போனதும் புரிகிறது. ஆனால் பதிவேட்டில் உண்மையை எழுதுவதை எந்தச் சுற்றறிக்கையும் தடுக்கவில்லை. மலையேறி வந்து எழுதுகிற டொக்டருக்குப் பக்கத்தில் நிற்க இந்தச் சங்கம் இருக்கிறது.

இனி நம் பங்கு. பாலூட்டும் இடைவேளை சட்டத்தில் இருக்கிறது. பிள்ளைக்கு ஒரு வயது ஆகும் வரை நாளுக்கு இரண்டு தடவை. பிள்ளைக் காம்பரா இருந்தால் அரை மணித்தியாலம், இல்லாவிட்டால் ஒரு மணித்தியாலம். அதைக் கொடுக்காமல் கிலோவைக் காட்டி மிரட்டும் மலைகளின் விபரம் நமக்கு வேண்டும். தூரத்து மலையில் நிறுத்தினால் அந்த அரை மணி நடந்தே தீர்ந்துவிடும். ஆகவே கைப்பிள்ளைக்காரிகளுக்குக் கிட்ட இருக்கிற மலை என்பது நம் அடுத்த கோரிக்கை. மரக்கறி போட லயத்தைச் சுற்றி நிலம் என்பது அதற்கு அடுத்தது.

அடுத்த மாதத் தோட்டக் கமிட்டிக் கூட்டத்துக்கு ஐந்து வயதுக்குக் கீழே பிள்ளை இருக்கிற ஒவ்வொரு வீடும் பதிவேட்டைக் கொண்டுவாருங்கள். வாசிக்க முடியாதவர்கள் கவலைப்பட வேண்டாம், ஆசிரியர்கள் நாங்கள் உட்கார்ந்திருப்போம். பச்சைக்குக் கீழே எத்தனை, செம்மஞ்சளில் எத்தனை, சிவப்பில் எத்தனை என்று மலை வாரியாக எண்ணி ஒரு தாளில் எழுதுவோம். பெயர் போட மாட்டோம், எண்ணிக்கை மட்டும். ஒரு பிரதி துரைக்கு, ஒரு பிரதி மஸ்கெலியா சுகாதார வைத்திய அதிகாரிக்கு, ஒரு பிரதி டிக்கோயா ஆஸ்பத்திரியின் சிறுவர் வைத்திய நிபுணருக்கு. கிளினிக்குப் போகாமல் நிறுத்திய அம்மாமாரும் வாருங்கள். அடுத்த கிளினிக் நாளில் உங்களோடு மாதர் சங்கத் தோழி ஒருவர் வருவார், சிங்களம் பேசத் தெரிந்தவர்.